பாஹின் செலோ இசைக்காக என் கிற்றாரைத் திருத்தித் தந்த பாலையூற்றுப் பட்டறை

திருகோணமலையில் நைலோன் தந்திக் கிற்றார் வைத்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிற்றார் விரலுக்கு வலிக்கிறது, சுருதி சேரவில்லை, இதை விற்றுவிட்டு வேறு நல்லதாக வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் பொறுங்கள். பாலையூற்றில் ஒரு வீட்டின் பின் விறாந்தையில் ஒரு ஐயா வாத்தியங்கள் திருத்துகிறார். பெயர்ப் பலகை கிடையாது. கோயில் பஜனைக்கு வாசிக்கும் ஆர்மோனியம், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வயலின், எப்போதாவது ஒரு வீணை, இவைதான் அவரிடம் வரும் வேலை. என் கிற்றாரை அவரிடம் கொடுத்து எடுத்து நாலு மாதம் ஆகிறது. இந்த நாலு மாதமும் வாசித்துப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன், ஏனென்றால் திருத்தி வந்த அன்றைக்கு எந்தக் கிற்றாரும் நன்றாகத்தான் கேட்கும்.

நான் வாசிக்க ஆசைப்பட்டது யோகான் செபாஸ்டியன் பாஹ் தனிச் செலோவுக்கு எழுதிய ஆறு தொகுதிகளில் முதலாவது. செலோ என்றால் கால்களுக்கு நடுவே வைத்து வில் போட்டு வாசிக்கிற பெரிய வாத்தியம், வயலின் குடும்பம். 1720ஐ ஒட்டிய காலத்தில், அவர் ஜேர்மனியில் கோத்தன் என்ற ஊரின் அரண்மனையில் வேலை பார்த்தபோது எழுதியவை என்று பொதுவாகச் சொல்வார்கள். அவர் கையால் எழுதிய பிரதி கிடைக்கவில்லை, மனைவி அன்னா மக்டலேனா பார்த்து எழுதிய பிரதி இருக்கிறது. நீண்ட காலம் பெரும்பாலும் பயிற்சிப் பாடம் மாதிரிக் கிடந்த இவற்றை, 1890இல் பதின்மூன்று வயதுப் பையனாக இருந்த பாப்லோ காசல்ஸ் பார்சிலோனாத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய இசைப் புத்தகக் கடையில் கண்டெடுத்தார். பன்னிரண்டு வருடம் வீட்டில் பழகிய பிறகுதான் சபையில் வாசித்தாராம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் என்று வாசித்த அன்றே எனக்கு அந்தக் கதை நெருக்கமாகிவிட்டது. உட்துறைமுக வீதியால் வேலைக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பையன்தான் நினைவுக்கு வருவான்.

கிற்றார்க்காரர்கள் முதல் தொகுதியை வழக்கமாக டி மேஜருக்கு ஏற்றித்தான் வாசிப்பார்கள். மூலம் ஜி மேஜர். செலோவின் அடித் தந்தி சி, கிற்றாரின் அடித் தந்தி ஈ, ஆகவே மூலச் சுருதியிலேயே வாசித்தால் கீழ்ச் சுரங்கள் கிற்றாரில் இல்லை. ஒரு பஞ்சமம் ஏற்றிவிட்டால் எல்லாச் சுரமும் கைக்குள் வரும், அதோடு ஆறாம் தந்தியை ஈயிலிருந்து ஒரு முழுச் சுரம் இறக்கி டி ஆக்கினால் மூலத்தில் இல்லாத ஒரு ஆழமும் கிடைக்கும். தொகுதியைத் தொடக்கிவைக்கும் முகப்புத் துண்டில் (பிரெலூட்) முதல் நாலு அட்சரக் கட்டுக்கும் (பார்) அடியில் ஒரே சுரம் தம்புரா மாதிரி நிற்கிறது. செலோவில் அது திறந்த, அதாவது விரல் வைக்காத, ஜி தந்தி, கிற்றாரில் திறந்த நாலாம் தந்தி, டி. அதற்கு மேலே மூன்றாம் தந்தியில் இரண்டாம் பிரெட்டில் (கழுத்தில் பதித்த உலோக மெட்டு) ஏ, முதல் தந்தியில் இரண்டாம் பிரெட்டில் எஃப் ஷார்ப், பிறகு திறந்த ஈ, மறுபடி எஃப் ஷார்ப். காகிதத்தில் பார்த்தால் ஆறு மாதம் கிற்றார் பழகின பிள்ளைக்கும் விரல் எட்டும்.

ஆனால் என் கிற்றாரில் அந்த முதல் இரண்டு சுரமே சரிவரவில்லை. டியும் ஏயும் சேர்ந்து ஒலிக்கும்போது ஷட்ஜமும் பஞ்சமமும், அது கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். எனக்கு அந்த ஏ எப்போதும் ஒரு மயிரிழை தூக்கலாக வந்தது. தந்தியை இறக்கி ஏயைச் சரிசெய்தால் திறந்த ஜி குறைந்துவிடும். சுருதி காட்டும் ரியூனரைப் பார்த்துப் பார்த்து மாலை முழுக்க முறுக்காணியைத் திருகிக்கொண்டு இருப்பேன். இந்த முகப்புத் துண்டில் 42 கட்டுகள், அந்த ஏ எத்தனை தரம் வருகிறது என்று எண்ண முடியாது. ஒவ்வொரு தரமும் பல் கூசும்.

இதற்கு முதல் கொழும்பில் ஒரு கடைக்குக் கொண்டு போனேன். இரவு ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனால், அரை மணித்தியாலத்தில் தந்தி மாற்றித் தந்துவிட்டு, இந்த விலைக் கிற்றாருக்கு இவ்வளவுதான், சொலிட் பலகை போட்ட கிற்றார் வாங்குங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கடைக்காரர் சொன்ன விலை என் மூன்று மாதச் சம்பளம். கிற்றாரை அளந்துகூடப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம். பிளைவுட் பலகைதான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பிழை பலகையில் இருக்கவில்லை.

பாலையூற்று ஐயாவிடம் என்னை அனுப்பியது என் மகளின் வயலின் ரீச்சர். போன அன்று அவர் ஆர்மோனியத் துருத்திக்குத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு, கிற்றாரைத் தொடாமலே, "முதல்ல நீங்க என்ன வாசிக்கிறீங்களோ அதை வாசியுங்கோ பிள்ளை, கேப்பம்" என்றார். எந்தக் கடையிலும் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. முதல் எட்டுக் கட்டு வாசித்தேன்.

"இதுக்குப் பாட்டு இல்லையோ?"

"இல்லை ஐயா. செலோ எண்டு பெரிய வயலின் மாதிரி ஒண்டு. அதுக்கு எழுதினது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "வில்லுப் போட்டு வாசிக்கிறதை விரலால வாசிக்கிறீங்க. வில்லு எண்டா சத்தத்தை இழுத்துப் பிடிச்சு வைக்கும். இதில தட்டினவுடன செத்துப் போகுமே. அப்ப திறந்த தந்தியெல்லாம் நல்லா நிக்க வேணும். இதில அதுகளே அடிச்சுக்கொண்டு நிக்குது."

செலோ இசையைக் கிற்றாருக்கு மாற்றுவது பற்றி நான் இரண்டு வருடம் தேடி வாசித்ததன் சாரம் முழுக்க அந்த ஐந்து வசனத்தில் இருந்தது. செலோவில் ஒரு சுரம் பிறந்த பிறகும் வளரலாம், வில்லை அழுத்தினால் பெருகும், விட்டால் தேயும். கிற்றாரில் மீட்டிய கணத்திலிருந்தே இறங்குமுகம்தான். அதனால் கிற்றாரில் இந்த இசை நிற்பது திறந்த தந்திகளின் அதிர்விலும், ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்தது வந்து அதன் மேல் விழுவதிலும்தான். திறந்த தந்தியோடு விரல் வைத்த சுரம் சேராவிட்டால் மிச்சம் எதுவுமே இல்லை.

ஐயாவுக்குக் கிற்றார் பெரிதாகத் தெரியாது, அதை அவரே சொன்னார். அவருக்குத் தெரிந்தது வீணை. வீணையின் 24 மெட்டும் மெழுகில்தான் உட்காரும், மெழுகை இளக்கி ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டு நகர்த்தி நிறுத்த வேண்டும், அளவுகோல் அதற்கு உதவாது. அந்தக் காதுதான் என் கிற்றாருக்கும் உதவியது. பன்னிரண்டாம் பிரெட்டுக்கு மேலே விரலை மெல்லத் தொட்டு ஒரு மணி ஓசையை எடுப்பார், பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுவார், இரண்டும் ஒன்றா என்று கேட்பார். ஆறு தந்திக்கும் அப்படி. ரியூனரை நான் நீட்டியபோது வாங்கி மேசையில் வைத்தார், பார்க்கவில்லை.

பிழை இரண்டு இடத்தில் என்றார். ஒன்று, கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் இருக்கும் நட் என்ற சின்னத் துண்டில் பள்ளங்கள் ஆழம் போதாது. அதனால் முதல் இரண்டு மூன்று பிரெட்டில் விரல் வைக்கும்போது தந்தி தேவைக்கு மேல் இழுபட்டுச் சுருதி ஏறுகிறது. கம்பி சுற்றாத வெறும் நைலோன் தந்திகளில் மூன்றாம் தந்திதான் தடித்தது, அதில் இது இரண்டு மடங்காகத் தெரியும். என் ஏ! இரண்டு வருடமாக என் விரல்தான் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்த அந்த ஏ. இரண்டாவது, மறுபக்கம் பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கி நிற்கும் சாடில் என்ற துண்டு அதிக உயரம். அளந்து காட்டினார்: பன்னிரண்டாம் பிரெட்டில் ஆறாம் தந்தி ஐந்தரை மில்லிமீற்றர், முதல் தந்தி நாலரை. நாலும் மூன்றுமாக இருந்தால் இப்படியான இசைக்கு வசதி.

சாடில் சீவியதை முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்த்தேன், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். இருந்த பிளாஸ்ரிக் துண்டைக் கழற்றி வைத்துவிட்டு எலும்பில் புதிதாக ஒன்று செய்தார். கிண்ணியாவில் இருந்து எடுப்பித்து, அவித்து, கொழுப்பு நீக்கி, மாதக் கணக்கில் காய வைத்த மாட்டெலும்பு. ஒரு தகர டின் நிறைய வைத்திருக்கிறார், குலுக்கினால் சோழி மாதிரிச் சத்தம். பன்னிரண்டாம் பிரெட் தந்தியின் சரி நடு, ஆகவே அங்கே ஒரு மில்லிமீற்றர் இறங்க வேண்டுமென்றால் சாடிலில் இரண்டு மில்லிமீற்றர் இறக்க வேண்டும். பென்சிலால் கோடு போட்டு, சமதளமான கண்ணாடித் துண்டில் உப்புத்தாளை ஒட்டி, அதன் மேல் எலும்பை நிமிர்த்திப் பிடித்து முன்னும் பின்னும் தேய்த்தார். கோட்டுக்குக் கொஞ்சம் மேலேயே நிறுத்திவிட்டார். போட்டு, தந்தி ஏற்றி, கேட்டு, இறக்கி, இன்னும் நாலு தேய்ப்பு. மறுபடி ஏற்றி. இப்படி ஏழு தரம். மூன்றாம் தந்தி தொடும் இடத்தில் மட்டும் சாடிலின் முகட்டைப் பின்பக்கமாகச் சரித்தார், அங்கே தந்தியின் நீளம் ஒரு துளி கூடினால் ஏறுகிற சுருதி இறங்கும் என்பதற்காக. விறாந்தை முழுக்கப் பல் வைத்தியரின் அறை மாதிரி ஒரு மணம்.

கடைசித் தரம் ஏற்றியபின் அவர் வாசிக்கவில்லை, என்னிடம் தந்தார். டியும் ஏயும் மீட்டினேன். பஞ்சமம் நேராக நின்றது. அந்த இரண்டு சுரத்தையும் எத்தனை தரம் மீட்டினேனோ தெரியாது, ஐயா பேசாமல் திரும்பி ஆர்மோனியத் தோலைக் கையில் எடுத்துக்கொண்டார்.

இப்போது குறை. முதல் தரம் எடுத்து வந்து ஒரு கிழமையில் ஆறாம் தந்தி திறந்து மீட்டும்போது இரைய ஆரம்பித்தது. ஈயில் வைத்தால் இரைச்சல் இல்லை, டிக்கு இறக்கினால்தான். காரணம் பின்னர் விளங்கியது: ஒரு முழுச் சுரம் இறக்கும்போது தந்தியின் இழுவிசை கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, தளர்ந்த தந்தி அகலமாக ஆடும், நட்டில் அந்தத் தந்தியின் பள்ளம் ஒரு துளி ஆழம் கூடிவிட்டால் முதல் பிரெட்டில் போய் அடிக்கும். நான் டியில் வாசிப்பேன் என்று சொல்லியிருந்தேன், ஆனால் அவர் அன்று ஈயில் வைத்தே அந்தப் பள்ளத்தை அராவியிருக்கிறார். திருப்பிக் கொண்டு போனேன். ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. எலும்புத் தூளைப் பள்ளத்தில் அடைத்து, ஒரு சொட்டு சுப்பர் குளூ விட்டு, கல்லாக இறுகிய பிறகு புதிதாக அராவினார், இந்தத் தடவை டியில் வைத்து. காசு வாங்கவில்லை. ஆகவே நீங்கள் போவதென்றால் எந்தச் சுருதியில் வாசிப்பீர்கள் என்பதைச் சொல்வதோடு நிற்காமல், அந்தச் சுருதியில் வைத்தே கையில் கொடுங்கள்.

தந்தியும் மாற்ற வேண்டும். டிக்கு இறக்குவதால் நோர்மல் டென்ஷனை விட இழுவிசை கூடிய ஹார்ட் டென்ஷன் தந்திகள் எனக்குப் பொருந்தின, டடாரியோ ப்ரோ ஆர்ட்டே ஹார்ட் டென்ஷன் போட்டிருக்கிறேன். விரலுக்குக் கொஞ்சம் விறைப்பு, ஆனால் அடி டி தளதளவென்று ஆடாமல் நிற்கிறது. ஐயாவிடம் தந்தி விற்பனைக்கு இல்லை, நீங்கள்தான் வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

அப்படியானால் வாசிப்பில் என்ன மாறியது? முகப்புத் துண்டில் முடிவை நெருங்கும்போது ஒரு இடம் இருக்கிறது: ஒரு திறந்த தந்தி விடாமல் ஒலித்துக்கொண்டே இருக்க, பக்கத்துத் தந்தியில் சுரங்கள் அதைச் சுற்றி ஏறி இறங்கும். செலோவில் அது ஏ தந்தி, கிற்றாரில் முதல் தந்தி, ஈ. முன்பு என் கிற்றாரில் இரண்டாம் தந்தியில் மேலே மேலே போகப் போகச் சுரம் ஏறிக்கொண்டே போய் அந்த ஈயோடு முட்டும். தந்தி உயரத்தால் விரலும் ஓய்ந்துபோகும், நான் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து ஒப்பேற்றிவிடுவேன். இப்போது அந்த ஈ கோயிலில் ஒத்து ஊதுகிற மாதிரி ஒரே நூலாகப் போகிறது, மற்றச் சுரங்கள் அதில் உரசிப் போகும்போது ஒவ்வொன்றின் நிறமும் தனியாகத் தெரிகிறது. அதற்குப் பிறகு அரை அரைச் சுரமாக ஏறி உச்சிக்குப் போகும் இடத்தில் நான் இப்போது மூச்சுப் பிடித்து ஓடத் தேவையில்லை.

அதே தொகுதியில் வரும் சரபாந்து என்ற மெதுவான நடனம்தான் எனக்கு இன்னும் பெரிய ஆச்சரியம். நீண்ட சுரங்கள், வில்லுக்கென்றே எழுதியவை, கிற்றாருக்கு ஆகாது என்றுதான் தள்ளி வைத்திருந்தேன். ஆனால் செலோவில் நாலு தந்தி சேர்ந்த சுரக்கட்டு வந்தால் வில் ஒரே நேரத்தில் இரண்டு தந்தியைத்தான் இழுத்து நிறுத்தும், மற்றவை தொட்டுவிட்டு விடப்பட்டவை. கிற்றாரில் எல்லாவற்றையும் ஒன்றாக மீட்டி ஒன்றாக நிற்க விடலாம். ஆறாம் தந்தியின் டி அடியில் கிடந்து முழங்க, மேலே எஃப் ஷார்ப் தேய்ந்து போனாலும் இசை விழுவதில்லை. செலோ வாசிப்பவர் கேட்பவரின் காதை நம்பி விட்டுவிடுகிற அடிச்சுரங்களைக் கிற்றார் வாய்விட்டே சொல்லிவிடுகிறது. இது மூலத்துக்குத் துரோகம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் பாஹே இதைச் செய்திருக்கிறார்: ஐந்தாம் செலோத் தொகுதியை லூட் என்ற மீட்டு வாத்தியத்துக்கு அவரே மாற்றி எழுதினார், அடிச்சுரங்களைச் சேர்த்துத்தான் எழுதினார். செலோத் தொகுதிகளின் மூலக் கையெழுத்து தொலைந்துபோக, அந்த லூட் பிரதி அவர் கையெழுத்திலேயே பிரசல்ஸில் இன்றும் இருக்கிறது. கிற்றார்க்காரர்கள் அதை ஏ மைனரில் வாசிக்கிறார்கள். எனக்கு அது இப்போதைக்கு எட்டாது.

மற்றப்படி ஐயாவைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை. போனில் பிடிப்பது கஷ்டம், நேரே போவதுதான் வழி, காலை பத்து மணிக்குப் பிறகு. வெள்ளிக்கிழமை பகலில் இருக்க மாட்டார். நாலு நாள் என்று சொன்ன வேலை பதினொரு நாள் ஆனது, நடுவில் ஒரு கோயில் திருவிழா ஆர்மோனியங்கள் வந்துவிட்டன. அவசரத்துக்கு இவர் சரிவர மாட்டார். பில் தரமாட்டார். பிக்அப், வயர் வேலை எதுவும் தொடமாட்டார். என் கிற்றாரின் ஓரத்தில் இருந்த ஒரு சின்ன வெடிப்பையும் ஒட்டித் தந்தார், உறுதியாக இருக்கிறது, ஆனால் பொலிஷ் நிறம் பொருந்தவில்லை, வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். எனக்கு அது பொருட்டில்லை, அழகு பார்க்கிறவர்கள் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கூலி, எலும்பு எல்லாம் சேர்த்து என்னிடம் 4,500 ரூபாய் வாங்கினார். தந்திக்கு நான் தனியாகக் கொடுத்தது அதற்குக் கிட்டத்தட்டச் சமம்.

இன்னொன்று. நம் ஊர்க் காற்றைப் பற்றி எந்தப் புத்தகமும் சொல்லாததை அவர் சொன்னார். வாடைக் காலத்தில், கார்த்திகை மார்கழி மழையில், மரம் ஈரத்தைக் குடித்து ஊதும், மேற்பலகை எழும்பும், அதோடு தந்தியும் உயரும். கச்சான் காற்று வீசத் தொடங்கினால் எல்லாம் காய்ந்து சுருங்கித் தந்தி இறங்கிவிடும், பிரெட்டின் நுனிகூடக் கழுத்தின் ஓரத்தில் கையைக் கீறும். என் கிற்றாரை நான் கொண்டு போனது தை மாதம், உப்பியிருந்த நேரம். அப்போது சரியாக இருந்த சாடில் ஆனியில் தாழ்ந்துபோய் இரையும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கேட்காமலே இரண்டாவது ஒன்று, அரை மில்லிமீற்றர் உயரமாக, செய்து வைத்திருந்தார். தீப்பெட்டி ஒன்றில் பஞ்சு வைத்து அதற்குள் போட்டுத் தந்தார். அப்போது கிற்றாரில் இருந்ததன் அடியில் வாடைக்குப் பென்சிலால் "வா" என்றும், பெட்டிக்குள் இருந்ததில் கச்சானுக்கு "க" என்றும் எழுதியிருந்தது. வைகாசி பிறந்து நாலைந்து நாளில் தந்தியைத் தளர்த்தி நானே மாற்றினேன், பத்து நிமிட வேலை. இப்போது "க" கிற்றாரில் நிற்கிறது, "வா" தீப்பெட்டிக்குள் இருக்கிறது.